டிஎன்பி நியூக்ளியர் மெடிசின்: கழுத்து கேஸில் ஒளிராத பக்கத்தை முதலில் பாருங்கள்

டிஎன்பி (மருத்துவ மேற்படிப்புத் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது, பாஸாகிவிட்டேன். ரொம்ப நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கி எழுந்து எழுதுகிறேன். ஜூனியர்கள் பலரும் ஹெட் அண்ட் நெக் பற்றித்தான் கேட்கிறார்கள், அதை மட்டும் சொல்கிறேன். தைராய்டை எப்படியும் படித்துவிடுவீர்கள்.

பிராக்டிகலில் எனக்கு வந்தது குரல் கம்மிப்போன ஒருவரின் பெட்-சிடி (எஃப்டிஜி என்ற சர்க்கரை போன்ற கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு, அதை அதிகம் இழுக்கும் இடம் ஒளிர்வதைச் சிடியோடு சேர்த்துப் பார்க்கும் ஸ்கேன்). வலது குரல்நாண் எஃப்டிஜியை இழுத்துக்கொண்டு பளிச்சென்று இருக்கிறது, குரல்வளைப் புற்று என்று வாய் வரை வந்துவிடும். இடது பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒளிர்வே இல்லை, சிடியில் நாண் நடுக்கோட்டை ஒட்டி நிற்கிறது, அந்தப் பக்கத்துப் பைரிஃபார்ம் சைனஸ் (குரல்வளையை ஒட்டிய குழி) விரிந்திருக்கிறது. செயலிழந்தது இடதுதான், வலது அதற்கும் சேர்த்து உழைக்கிறது. அப்படியே மார்புக்கு இறங்கினால் பெருந்தமனி வளைவுக்குக் கீழே ஒரு நிணநீர்க்கணு, குரல்நாணை இயக்கும் இடது ரிகரன்ட் லாரிஞ்சியல் நரம்பு சுற்றித் திரும்புகிற அதே இடம்! புற்றின் மூலம் நுரையீரலில், கணு நரம்பைப் பாதித்ததால்தான் நாண் நின்றுவிட்டது. இதைச் சொன்ன பிறகு வைவா (வாய்மொழித் தேர்வு) பேச்சு மாதிரி ஓடியது, நான் பாஸானது இந்த ஒரு கேஸால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனால் எந்தப் படம் வந்தாலும் ஒளிர வேண்டியது எது ஒளிரவில்லை என்று முதலில் தேடுங்கள். உள்ளே அழுகிப்போன கணு பெட்டில் வெறும் விளிம்பாகத் தெரியும், சில சமயம் அதுவும் இருக்காது. எஸ்யுவி (ஒளிர்வின் அளவு) குறைவு என்று ஒதுக்கினால் போச்சு. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவும் (பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் புற்று) பல நேரம் மங்கலாகத்தான் இருக்கும், நரம்பு வழியாகப் பரவியிருக்கிறதா என்று எம்ஆர்ஐ கேளுங்கள்.

மற்றவை வேகமாக:

- கீமோரேடியேஷன் (மருந்தும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சை) முடிந்து 12 வாரம் கழித்துத்தான் பெட்-சிடி. அதற்கு முன் எடுத்தால் அழற்சியும் ஒளிரும். 2016இல் வந்த பெட்-நெக் ஆய்வு, 564 பேர்: பெட்-சிடி வைத்துக் கண்காணித்தவர்கள் உயிர் பிழைப்பில் கழுத்து அறுவை செய்தவர்களைவிடப் பின்தங்கவில்லை. இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.
- ஹாப்கின்ஸ் அளவுகோல் (சிகிச்சைக்குப் பிந்தைய பெட்-சிடிக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண்): 3 வரை நெகட்டிவ், 4, 5 பாசிட்டிவ்.
- வார்தின் கட்டி (உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும், புற்றல்லாத கட்டி): பெர்டெக்னிடேட் என்ற கதிரியக்க மருந்து எலுமிச்சைச் சாறு கொடுத்த பிறகும் தங்கும். எஃப்டிஜியிலும் ஒளிரும், எஸ்யுவியை வைத்துப் புற்று என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.
- கரோட்டிட் பாடி கட்டி (கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் வருவது): காலியம்-68 டோட்டாடேட் என்ற கதிரியக்க மருந்தை வைத்து ஸ்கேன்.
- பல்லில் உலோகம் இருந்தால் அட்டென்யூவேஷன் (உடல் கதிரை உறிஞ்சுவது) திருத்தம் பொய்யான ஒளிர்வைக் காட்டலாம், திருத்தாத படத்தையும் காட்டச் சொல்லுங்கள்.
- வாய்த்தளப் புற்றில் சென்டினல் கணு (புற்று முதலில் பரவும் கணு): கதிரியக்க ஊசி போட்ட இடத்தின் ஒளியே பக்கத்துக் கணுவை மறைத்துவிடும்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. ரிப்போர்ட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்து, பழைய கேஸ்களை ரிப்போர்ட்டைப் பார்க்காமல் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கூட்டம் சேர்ந்தால் யாராவது விடையை முதலில் சொல்லிவிடுவார்கள். அப்புறம், இரண்டு குரல்நாணும் சமமாக ஒளிர்ந்தால், ஊசி போட்ட பிறகு நோயாளி போனில் பேசிக்கொண்டிருந்தாரா என்று கேளுங்கள்.