30 வருஷம் ஓட்டு போட்டவங்க

மார்ச் 3
நேத்து ராத்திரி தூக்கமே இல்ல, ஒரு பழைய ஓட்டர் லிஸ்ட்டோட போட்டோவை பெருசாக்கி பெருசாக்கி பாத்துட்டே இருந்தேன். அமெரிக்கால நியூஜெர்சி மாநிலத்துல மாண்ட்கோமரிங்கிற ஊர், வருஷம் 1801. ஓட்டு போட்டவங்க பேரை கையால வரிசையா எழுதிட்டே போயிருக்காங்க, 343 பேர், அதுல குறைஞ்சது 46 பேர் பொண்ணுங்க. அமெரிக்கால பொண்ணுங்களுக்கு ஓட்டுன்னா 1920னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், அதுக்கு 119 வருஷம் முன்னாடியே இவங்க வந்து போட்டுட்டு போயிருக்காங்க.

மார்ச் 5
எப்படி நடந்துச்சுனு தேடி படிச்சேன். 1776 ஜூலை 2ல நியூஜெர்சி எழுதுன அரசியல் சட்டத்துல "இங்க குடியிருக்கிறவங்க எல்லாரும்"னு போட்டுட்டாங்க, 50 பவுண்ட் சொத்து இருக்கணும், அந்த கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) 1 வருஷம் இருந்திருக்கணும், அவ்ளோதான், ஆணா பொண்ணா வெள்ளையா கருப்பானு பேச்சே இல்ல. 1790ல வந்த தேர்தல் சட்டம் 7 கவுண்டிக்கு "அவனோ அவளோ"ன்னே எழுதுச்சு, 1797ல மாநிலம் முழுக்க. ஆனா கல்யாணம் ஆனா சொத்து புருஷன் கைக்கு போயிடும், அதனால விதவைங்களும் கல்யாணம் ஆகாதவங்களும்தான் போட முடிஞ்சுச்சு. அடிமையா இல்லாத கருப்பின மக்கள்லயும் சொத்து இருந்தவங்க போட்டாங்க.

மார்ச் 9
வயிறு எரியுது இன்னைக்கு. 1807 பிப்ரவரில எஸ்ஸெக்ஸ் கவுண்டி கோர்ட்ட நியூவார்க்ல கட்டுறதா எலிசபெத்டவுன்ல கட்டுறதானு ஓட்டு விட்டாங்க, ரெண்டு ஊரும் கள்ள ஓட்டா குத்தித் தள்ளிருச்சு, ஆம்பளைங்களே பொம்பளை வேஷம் கட்டிட்டு வந்து திரும்பத் திரும்ப போட்டாங்கனு புகார். கள்ள ஓட்டு போட்டது யாரு, தண்டனை யாருக்கு? நவம்பர்ல சட்டசபை புது சட்டம் போட்டு, வெள்ளைக்கார ஆம்பளைக்கு மட்டும்தான் ஓட்டுனு முடிச்சிருச்சு. முன்நின்னு கொண்டு வந்தவர் சட்டசபை உறுப்பினர் ஜான் காண்டிக்ட், 1797 தேர்தல்ல எலிசபெத்டவுன் பொண்ணுங்க எதிரணிக்கு போட்டதால மயிரிழைல ஜெயிச்ச மனுஷன், பத்து வருஷம் அதை மறக்கல. அதே சட்டத்துல வரி கட்டுனாலே 50 பவுண்ட் இருக்கிற மாதிரின்னு சொல்லி ஏழை வெள்ளைக்காரனுக்கு கதவ திறந்தும் விட்டாங்க. ஜனநாயகம் வளந்த காலம்னு இதைத்தான் எழுதுறாங்க, எனக்கு ஒத்துக்க மனசு வரல. 1821ல நியூயார்க்லயும் இதே கதை, வெள்ளைக்காரனுக்கு சொத்து கணக்க எடுத்துட்டு, கருப்பினத்தவருக்கு மட்டும் 250 டாலர் சொத்து இருக்கணும்னு வச்சாங்க.

மார்ச் 31
1776ல இதே தேதிலதான் அபிகெயில் ஆடம்ஸ், பின்னாடி ஜனாதிபதி ஆன தன் புருஷன் ஜான் ஆடம்ஸுக்கு லெட்டர் எழுதி, புது சட்டம் போடும்போது பொண்ணுங்கள மறந்துடாதீங்கனு கேட்டாங்க. 1870ல இதே தேதில, அதே நியூஜெர்சில பெர்த் ஆம்பாய் ஊர்ல தாமஸ் மண்டி பீட்டர்சன்னு ஒரு கருப்பினத்தவர், இனத்தை காரணம் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாதுங்கிற 15வது அரசியல் சட்டத் திருத்தம் வந்த கையோட போய் ஓட்டு போட்டாரு. பின்னாடி ஊர்க்காரங்க காசு சேத்து அவருக்கு ஒரு தங்க மெடல் செஞ்சு குடுத்தாங்க, அதை குத்திட்டு எடுத்த போட்டோ இருக்கு. மாண்ட்கோமரி லிஸ்ட்ல இருக்கிற 46 பேருக்கு அப்படி ஒரு போட்டோகூட இல்ல, பேர் மட்டும்தான்.