ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்த படகுகள்

கடல் தாண்டிப் போக ஒரு பழைய சின்னப் பாய்மரப் படகு வேண்டும் என்று ஓராண்டு தேடியதில் பதினோரு படகுகளில் ஏறி இறங்கிவிட்டேன். அதில் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கவே போய்விட்டேன். 28 அடி, 1970களில் கட்டியது, புதுப் பெயின்ட், புது மெத்தை, பித்தளையெல்லாம் பளபளவென்று இருந்தது. கிளம்பும் நேரத்தில் சும்மா இருக்கட்டுமே என்று ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் பிடியால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தேன். டொக், டொக் என்று கெட்டியாக வந்துகொண்டிருந்த சத்தம், பாய்மரத்தின் அடியை நெருங்கியதும் தொப்பென்று மாறிவிட்டது. மாறிய இடங்களைப் பென்சிலால் குறித்துப் பார்த்தால், ஒரு ஆள் படுக்கப் பாய் விரிக்கும் அளவுக்கு இருந்தது.

அந்தக் காலத்து ஃபைபர்கிளாஸ் படகுகள் பலவற்றில் மேல்தளம் என்பது இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தையோ பிளைவுட்டையோ வைத்த சாண்ட்விச்தான். ஏதோ ஒரு போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் போதும், உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும், மேலே பெயின்ட் சிரித்துக்கொண்டிருக்கும். சரிசெய்ய வேண்டுமென்றால் தகட்டை அறுத்தெடுத்து, ஊறிய மரத்தைச் சுரண்டி, புதிதாக வைத்து மூட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்காகவே சொன்ன மாதிரி இருக்கும்.

இத்தனைக்கும் எல்லோரும் பயப்படுவது ஃபைபருக்குள் தண்ணீர் ஊறிப் படகின் அடியில் எழும் ஆஸ்மோசிஸ் கொப்புளங்களுக்குத்தான். நான் அதற்கு அவ்வளவு பயப்படமாட்டேன், அதை விலை பேச வைத்துக்கொள்ளலாம். என்னைப் பயமுறுத்துவது செயின்பிளேட், அதாவது பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளைப் படகோடு இணைக்கும் பட்டை. அது மேல்தளத்துக்குள் நுழையும் இடத்தில் ஈரம் தங்கும், காற்று போகாது, அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரிக்கும் (பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது). வெளியே கண்ணாடி போல இருந்த ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது, மறைந்திருந்த இடத்தில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு, அதன் நடுவில் மயிரிழை போல விரிசல். கம்பிகளுக்கும் 10 முதல் 15 வருஷம்தான் ஆயுள் என்று வைத்துக்கொள்வது நல்லது. எப்போது மாற்றியது என்று விற்பவருக்குத் தெரியவில்லை என்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். 26 அடியில் கடல் தாண்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு, டானியா ஏபி 1985இல் பதினெட்டு வயதில் 26 அடி கான்டெஸ்ஸா படகில் கிளம்பி 1987இல் உலகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பினார் என்பதே போதும். மேட் ரதர்ஃபோர்டு 27 அடி அல்பின் வேகா படகில் தனியாக, எங்கும் நிற்காமல் இரண்டு அமெரிக்கக் கண்டங்களையும் 309 நாளில் சுற்றினார். சின்னப் படகு மெதுவாகத்தான் போகும், அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். நீர்மட்டத்தில் படகின் நீளம் 20 அடி என்றால் வேகம் மணிக்கு ஆறு கடல்மைலைத் தாண்டுவது கஷ்டம், நாளுக்கு நூறு கடல்மைல் போனாலே சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் பெரிய படகு என்றால் பாய், கம்பி, நங்கூரம் எல்லாமே பெரிசு, செலவும் அப்படியே ஏறும். கீல், அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பகுதி, நீளமாக இருந்தால் திசை மாறாமல் நேராகப் போகும், துறைமுகத்தில் பின்னால் எடுக்கும்போது மட்டும் அது தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

அப்புறம் ஒரு சின்ன சோதனை. பாய்மரம் மேல்தளத்தின் மேலேயே நிற்கும் படகு என்றால், அதற்கு நேர் கீழே இருக்கும் உள்கதவை மூடிப் பாருங்கள். சட்டத்தில் இடித்தால், பாய்மரத்தின் பாரம் தாங்கும் உத்தரம் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியில் நான் வாங்கிய 27 அடிக்காரியைப் பார்த்து யாரும் அழகு என்று சொல்லவில்லை. பெயின்ட் வெளுத்துவிட்டது, அடுப்பு துருப்பிடித்துவிட்டது, உள்ளே டீசல் வாடை. ஆனால் முன்முனையிலிருந்து பின்னால் வரை தட்டினால் ஒரே டொக், கதவை ஒரு விரலால் தள்ளினால் மூடிக்கொள்கிறது. மெத்தைகளைத்தான் தாங்க முடியவில்லை, வாங்கிய அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன்.