புகைக்கூண்டைப் பார்த்துக் கப்பலைச் சொல்வது

மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் நின்று படித்த பொடியளுக்குக் கப்பல் என்றால் தலைமன்னார் பியர் என்ற இறங்குதுறைதான். 1914இல் தனுஷ்கோடிக்கு ஓடத் தொடங்கிய கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச், பிறகு வந்த இர்வின், கோஷன் என்று பெயர்களை ஒப்புவிப்பார்கள். இன்று அந்தக் காலத்துக் கப்பல் படங்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் நம்மவர்களின் அல்பங்களில் கிடக்கின்றன. அநேகமானவற்றில் கப்பலின் பெயர் தெரியாது, புகைக்கூண்டு மட்டும் தெரியும். அது போதும்: ஒவ்வொரு கப்பல் கம்பனியும் தன் கூண்டுக்கெனத் தனி நிறமும் வளையமும் வைத்திருந்தது.

முதலில் வளையங்களை எண்ணுங்கள், நிறத்தைப் பிறகு பார்க்கலாம். கறுப்புக் கூண்டில் நெருக்கமாக இரண்டு வெள்ளை வளையம் என்றால் பிரிட்டிஷ் இந்தியா, அதாவது பீ.ஐ. கம்பனி. சென்னை, நாகபட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன 'ரஜூலா' (1926) இந்த வகைதான். மலாயாப் பென்சன்காரர் வீட்டுப் படமென்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வளையம் இரண்டும் சிவப்பென்றால் கிளான் லைன். ஒரு சிவப்பு வளையத்துக்கு மேலும் கீழும் மெல்லிய வெள்ளை ஓடினால் ஹரிசன்.

சிக்கல் கறுப்பு வெள்ளைப் படத்தில்தான். பழைய பிலிம் பலவற்றுக்குச் சிவப்புத் தெரியாது. நீலமோ அளவுக்கு மீறித் தெரியும். அதனால் கிளான் லைனின் சிவப்பு வளையங்கள் கறுப்போடு கரைந்து, வெறுங்கறுப்புக் கூண்டாக நிற்கும். கியூனார்டின் சிவப்புக் கூண்டுக்கும் அதன் கறுப்பு உச்சிக்கும் வேறுபாடே தெரியாமல் போகும். ஹோல்ட் கம்பனியின் நீலக் கூண்டு வெள்ளையாக வெளிறி, கறுப்புத் தொப்பி மட்டும் தூக்கலாகத் தெரியும். அதை வெள்ளைக் கூண்டென்று எழுதிவைத்த அல்பங்கள் ஏராளம். ஹோல்டை உருவத்தால் பிடிக்கலாம்: சாய்வே இல்லாமல் தூண்போல நெட்டையாக நிற்கும்.

படத்தை 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கான் செய்து, கூண்டை மட்டும் பெருப்பித்து, வெயில் படும் பக்கத்தைப் பாருங்கள். நிழற்பக்கத்தில் மறைந்த வளையத்தின் விளிம்பு அங்கேதான் அகப்படும். வெள்ளை வளையம் சாம்பலாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம், அது கரிப்புகை. உச்சியைக் கறுப்பாகப் பூசியதும் அந்தக் கரியை மறைக்கத்தான்.

கூண்டுகளின் எண்ணிக்கையை அப்படியே நம்பவும் கூடாது. பி அன்ட் ஓ கம்பனியின் 'ஸ்ட்ராத்நேவர்' (1931) மூன்று கூண்டோடு வந்தது. நடுக்கூண்டில்தான் புகை, மற்ற இரண்டும் அழகுக்கு வைத்தவை. போருக்குப் பிறகு அவற்றைக் கழற்றிவிட்டார்கள். ஆகவே ஒற்றைக் கூண்டோடு நிற்பதும் அதே கப்பலாக இருக்கலாம். அப்படியான பெரிய கப்பலுக்குக் கீழே 'தலைமன்னார்' என்று யார் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். இராமர் அணைப் பக்கத்து ஆழம் அதற்குக் காணாது. படம் பெரும்பாலும் கொழும்புத் துறைமுகத்தில் எடுத்ததாக இருக்கும்.

கம்பனி நிறமும் நிலையானதல்ல. பி அன்ட் ஓ கூண்டுகள் முன்பு கறுப்பு. 'ஸ்ட்ராத்' கப்பல்களோடுதான் சந்தன மஞ்சளும் வெள்ளை உடலும் வந்தன. வாடகைக்கு எடுத்தவர் தன் நிறத்தைப் பூசுவார். போர்க்காலத்தில் எல்லாம் சாம்பல், அப்போது கூண்டு உதவாது. பாய்மரமும் மேல்தட்டின் அமைப்பும்தான் துணை. எனவே அல்பத்திலிருந்து படத்தைக் கழற்றும்போது பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள். பென்சிலால் எழுதிய திகதி ஒன்று இருந்தால் பாதிக் கம்பனிகளை உடனேயே கழித்துவிடலாம்.