முருங்கை மரத்தில் ஏறிய அரசன்

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் பிள்ளைகளை முருங்கை மரத்தில் ஏற விடமாட்டார்கள். கிளையைப் பிடித்தாலே முறிந்து கையோடு வந்துவிடும். கதையில் வரும் அரசன் விக்கிரமாதித்தன் மட்டும் மாதந்தோறும் அதில் ஏறினான், வேதாளம் புகுந்த பிணத்தை வீழ்த்தினான், தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ஒரு நாளும் கிளை முறியவில்லை. அம்புலிமாமா என்ற சிறுவர் மாத இதழை வாசித்த எங்களில் எவரும் அதைக் கேள்வி கேட்கவுமில்லை. எல்லாம் அந்தப் படம் செய்த வேலை. ஒரு தோளில் பிணம், மற்றக் கையில் உருவிய வாள். படத்தைத் தெரியாதவர் இல்லை. வரைந்தவரைக் கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். சங்கர். முழுப்பெயர் கே. சி. சிவசங்கரன்.

நான் விசுவமடுப் பக்கம் பெயர்ப்பலகை எழுதுகிறவன். டிஜிட்டல் பதாகைகள் வந்த பிறகு கடைப் பலகைகள் குறைந்துவிட்டன. இப்போது முன்பள்ளிச் சுவர்கள்தான் சோறு போடுகின்றன. ஓவியக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பெரியப்பா அட்டை கட்டி வைத்திருந்த பழைய அம்புலிமாமாக்களில் பென்சிலால் கட்டம் போட்டு, கொப்பித் தாளில் பெரிதாக்கிப் பழகினேன். பெரியப்பாவிடம் குட்டும் வாங்கினேன். அந்தத் தொகுப்புகள் 2009 போரில் வீட்டோடு போயின.

சங்கர் 1924 இல் கொங்குநாட்டுக் காரத்தொழுவில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் சென்னைக்கு வந்தது. பி.ஏ. படிக்கப் போகாதே, ஓவியம் படி என்று பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர் சொன்னாராம். நல்ல மனிதர், எங்கள் ஊரில் அப்படிச் சொல்லும் ஆசிரியரைப் பெற்றோர் சும்மா விடமாட்டார்கள். 1941 இல் பையன் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தான். அப்போது அங்கே முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்புகிற உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைப் பின்னாளில் செய்தவர் அவர்தான்.

சங்கர் வரைந்த கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிலை நினைவுக்கு வரும். பாரம் என்றால் என்னவென்று தெரிந்த பள்ளி அது. எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் லொறியில் நெல் மூடை ஏற்றுகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். மூடை விழுந்த தோள் இறங்கும். தலை மற்றப் பக்கம் ஒதுங்கும். வெறுங்கை உடம்பைவிட்டு விலகி நிற்கும், விலகாவிட்டால் ஆள் சரிந்துவிடுவார். விக்கிரமனின் வாள் பிடித்த கையை அதன் பிறகு பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. வேதாளத்தை வெட்ட அவன் வாளைப் பிடிக்கவில்லை. விழாமல் நடக்கப் பிடித்திருக்கிறான். இது என்னுடைய கருத்து, ஓவியர்கள் சண்டைக்கு வரலாம். பிணத்தை எடுத்துவிட்டு அரசனை மட்டும் வரைந்து பார்த்தவனுக்கு, நிற்கிற நிலையே கோணலாகிவிடுவது தெரியும்.

1946 இல் படிப்பை முடித்துக் கலைமகள் இதழில் சேர்ந்தவர், 1952 இல் அம்புலிமாமாவுக்கு வந்தார். சித்ரா, வ.பா. என்ற ஓவியர்களும் அங்கே கொடிகட்டிப் பறந்தவர்கள். சித்ராவிடம் வேகம், வ.பா.விடம் வண்ணம், சங்கரிடம் பொறுமை. கோயில் தூணென்றால் அதன் சிற்பத்தையும் வரைவார், கிழவியென்றால் அவள் முழங்கை எலும்பையும் வரைவார். அவர் வரைந்த பக்கமே பல மொழிகளில் போனது. எழுத்து மாறும், படம் மாறாது. சிங்களத்தில் 'அம்பிலி மாமா' என்று வந்த இதழிலும் அதே அரசர்கள்தான், அதே கிழவிகள்தான். தெற்கில் என் வயதுக்காரன் ஒருவனும் இதே வேதாளத்துக்குப் பயந்து போர்வையை இழுத்து மூடியிருப்பான்.

பழைய வேதாளக் கதைகள் 25 தான். அவை தீர்ந்த பிறகும் அம்புலிமாமா விடவில்லை. எழுத்தாளர்கள் புதுப்புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள், சங்கர் வரைந்துகொண்டே இருந்தார். ஏறத்தாழ 60 ஆண்டுகள், மாதச் சம்பளத்துக்கு. இதழ் நின்ற பிறகும் கை ஓயவில்லை, ராமகிருஷ்ண விஜயம் இதழுக்கு வரைந்தார். 2020 செப்டெம்பர் 29 அன்று 96 வயதில் காலமானார். பத்மஸ்ரீ அறிவித்தது 2021 ஜனவரியில். நான்கு மாதம் முந்தியிருந்தால் காதாலாவது கேட்டிருப்பார். இத்தனை ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமலா இருந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டு என்ன.

இப்போது கையிலிருக்கும் முன்பள்ளிச் சுவரில் விக்கிரமனையும் வேதாளத்தையும் வரைகிறேன் என்றேன். "அண்ணை, பிள்ளைகள் நித்திரையில் அழுவார்கள்" என்று ஆசிரியை மறுத்துவிட்டார். அவருக்கு மிக்கி மவுஸ் போதும். அந்த எலி வன்னியில் ஏறாத சுவரே இல்லை என்று வாதாடி, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நடை விக்கிரமனுடையது, தோளில் பிணத்துக்குப் பதில் நெல் மூடை, ஆள் சாரம் கட்டிய கமக்காரர். மீசையை மட்டும் அரச மீசையாகவே விட்டுவிட்டேன். வாள் இருந்த கையில் என்ன கொடுப்பது என்பதில்தான் இழுபறி. நான் அரிவாள் என்கிறேன்; அதுவும் கூர்தானே என்கிறார். தண்ணீர்ப் போத்தல் கொடுக்கட்டாம். சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்.