உப்புக்காற்றில் பழைய சீக்கோவுக்குச் செயின் தேடுவது

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்த ராமநாதபுரம் கரை நெடுகப் பல வீட்டு பீரோக்களில் வளைகுடாவிலிருந்து வந்த ஒரு சீக்கோ 5 வாட்ச் கிடக்கும். எடுத்து ஆட்டினால் ஓடும். கட்டிப் பார்த்தால் செயின் கையோடு வரும். அப்படி ஒரு 7009 மெஷின் வாட்சுக்குச் செயின் மாற்றிய வேலையை வரிசையாக எழுதுகிறேன். ரிக்கோ, சிட்டிசன், எச்.எம்.டி எதுவானாலும் வேலை ஏறக்குறைய இதேதான்.

முதலில், பழைய செயின் ஏன் போனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் புதிதும் அதே வழியில் போகும். அந்தக் காலச் செயின்களின் கண்ணிகள் பெரும்பாலும் கெட்டியானவை அல்ல. மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டை மடித்துச் செய்தவை. ஸ்டெயின்லெஸ்ஸைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அதை அரித்தாலும் காற்றுப்படும் இடத்தில் படலம் தானாக மறுபடி உருவாகிவிடும். மடிப்புக்குள் காற்று போகாது, வியர்வையும் உப்பும் மட்டும் தேங்கும். அங்கே அரிப்பு நிற்காது. மேலே பளபளப்பாக இருக்கும் செயினைப் பிரித்தால் உள்ளே கறுப்புச் சேறாக இருப்பது இதனால்தான். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வாட்சை வைத்தாலே உப்பு ஏறும்.

அடுத்தது கழற்றுவது. உள்ளூர் வாட்சுகளில் பாதிப் பிரச்சினை இங்கேதான். வாட்சின் உடலான கேஸிலிருந்து நீளும் நான்கு கொம்புகளான லக்குகளின் உள்பக்கத் துளையில், செயினைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின்னின் நுனி துருப்பிடித்து இறுகியிருக்கும். நெம்பினால் லக்கின் உள்முகம் கீறும். கேஸை நிமிர்த்தாமல் சாய்த்துப் பிடித்து, பல்குத்தும் குச்சி நுனியில் துரு இளக்கும் டபிள்யூ.டி 40 எண்ணெய் ஒரு சொட்டு எடுத்து, துளையில் மட்டும் விட்டு இரவு முழுக்க வைக்கவும். ஸ்பிரே அடிக்க வேண்டாம்; சாவி (நேரம் திருப்பும் குமிழ்) பக்கம் இறங்கினால் மெஷினுக்குள் போகும். அப்படியும் அசையாவிட்டால், நகைப் பட்டறையில் பயன்படுத்தும் மெல்லிய வாள் பிளேடால் பின்னின் நடுவில் அறுத்து எடுப்பதே நல்லது. பின் போனால் சில பத்து ரூபாய், லக் போனால் வாட்சே போச்சு.

துளைக்குள் நுனி முறிந்து தங்கினால் படிகாரம் உதவும். வெதுவெதுப்பான படிகாரக் கரைசலில் கேஸை ஊறவைத்தால் சாதாரண எஃகு மெல்லக் கரையும், பித்தளை கரையாது. ஆனால் மெஷின், சாவி, தண்டு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிய வெறும் கேஸுக்கு மட்டும்தான் இது. முலாம் உரியத் தொடங்கிய கேஸ் என்றால் அதிகமாக உரியும், அப்படிப்பட்டதை மெக்கானிக்கிடம் விடலாம். ஸ்டெயின்லெஸ் பின் என்றால் படிகாரத்துக்கு அசையாது.

அளவெடுக்க ஸ்கேல் போதாது, வெர்னியர் வேண்டும். மூன்று அளவுகள். ஒன்று, லக்குகளுக்கு நடுவே உள்ள அகலம். எச்.எம்.டி ஜனதாவுக்கு 18 மி.மீ. பழைய சீக்கோ 5-களில் 18-ம் வரும், 19-ம் வரும். சீக்கோவின் 6309-7040 டைவர் மாதிரி கனமானவற்றுக்கு 22. இந்த வாட்ச் 19. இரண்டாவது அளவைத்தான் கடைக்காரர்கூடக் கேட்பதில்லை: பின் துளையின் மையத்திலிருந்து கேஸின் சுவர் வரை எவ்வளவு தூரம்? அது 2 மி.மீ. என்றால், செயின் முனையில் பின் நுழையும் குழாயின் மையத்திலிருந்து வெளி விளிம்பு வரை 2 மி.மீ.க்குக் குறைவாக உள்ள செயின்தான் மடங்கும். அதிகமானால் கேஸில் முட்டி, செயின் விறைத்து நிற்கும், பின்னும் வளையும். மூன்றாவது, லக்கின் தடிமன். மெல்லிய பழைய வாட்சில் 5 மி.மீ. தடிமனுள்ள இன்றைய செயினைப் போட்டால் தலை சிறுத்து, செயின் மட்டும் கையில் தெரியும்.

கேஸ் என்ன உலோகம் என்பதையும் இப்போதே பார்க்கவும். பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்றிருந்தால் அது மூடியைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. கேஸ், பித்தளை மேல் குரோம் பூசியதாக இருக்கலாம், எச்.எம்.டி.யில் அப்படிப் பல உண்டு. லக் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தாலோ பச்சைக் களிம்பு இருந்தாலோ சந்தேகமே வேண்டாம். அதில் கனமான ஸ்டீல் செயின் போட்டால் உரசி உரசி மீதிக் குரோமும் போகும். அப்படிப்பட்ட வாட்சுக்குத் தோல் வாரோ, இந்தக் கரையில் வியர்வைக்கு ஈடுகொடுக்கும் நைலான் வாரோ போதும் என்பது என் கட்சி. ஜனதாவுக்குச் செயின் போட்டு அழகு பார்க்க நினைப்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

இனித் தேடல். சீக்கோவின் பின்மூடியில் 7009 என்று தொடங்கும் எண்ணுக்குப் பிறகு ஒரு கோடு போட்டு நான்கு எழுத்தெண்கள் இருக்கும். முன்னது மெஷின், பின்னது கேஸ். ஒரிஜினல் செயின் தேடினால் இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். 'சீக்கோ 5 செயின்' என்று கேட்டால் எதையும் நீட்டுவார்கள். கேஸின் வளைவுக்கு ஏற்ப எண்ட் பீஸ் (கேஸோடு சேரும் செயின் முனைத் துண்டு) மாறும், அகலம் சரியாக இருந்தாலும் வளைவு பொருந்தாது. அந்தக் காலச் சீக்கோ செயின்கள் சிலவற்றின் லாக்குக்குள் 'ஸ்டெலக்ஸ்' என்று இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்க வேண்டாம், ஹாங்காங்கில் சீக்கோவுக்காகச் செயின் செய்த நிறுவனம் அது.

பழைய ஒரிஜினல் கிடைத்தால் கிடைமட்டமாகப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கவும். வில்லாகத் தொங்கினால் கண்ணிகள் தேய்ந்து இளகிவிட்டன. உள்நீளத்தையும் அளக்கச் சொல்லவும். முன்பு கட்டியவர் கைக்குக் குறைத்த செயின்களே அதிகம், கழற்றிய கண்ணி திரும்பக் கிடைக்காது. மணிக்கட்டுச் சுற்றளவோடு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். இளகிய மடிப்புச் செயினை ஒரிஜினல் என்பதற்காக வாங்கி உப்புக் காற்றில் கட்டுவது வீண்செலவு. சேகரிப்புப் பெட்டிக்கு என்றால் வாங்கலாம்.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் கேட்டால் 18, 20, 22 சுலபமாகக் கிடைக்கும். 19 என்றால், "இருபதைத் தேய்ச்சுப் போட்டுடலாம்ணே" என்பார்கள். கண்ணி கெட்டியாக இருந்தால் பக்கத்துக்கு அரை மி.மீ. அரம் போடலாம், தப்பில்லை. தகட்டில் மடித்த எண்ட் பீஸில் அரம் பட்டால் ஓரம் ஓட்டையாகும். 18-ஐ 19-ல் போட்டால் பக்கத்துக்கு அரை மி.மீ. இடைவெளி, செயின் இடமும் வலமும் ஆடி, பின் நுனி லக் துளையை நாளடைவில் நீள்வட்டமாக்கும். இந்த வாட்சுக்கு 19 மி.மீ., நேர்முனை, கெட்டிக் கண்ணி, 316எல் ஸ்டீல் என்று மதுரையில் சொல்லி வைத்து வாங்க வேண்டியிருந்தது. நேர்முனை என்றால் கேஸுக்கும் செயினுக்கும் நடுவே பிறை மாதிரி இடைவெளி தெரியும். பொருந்தாத எண்ட் பீஸ் கேஸை அரிப்பதைவிட அந்தப் பிறை மேல். துணி விட்டுத் துடைக்கவும் வழி இருக்கிறது.

316எல்லில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் உண்டு. உப்பைத் தாங்குவதில் 304 என்ற சாதாரண ஸ்டெயின்லெஸ் ரகத்தை அது மிஞ்சுவது அதனால்தான். கடையில் சோதிக்க ஒரு சிறு காந்தம் போதும். பலமாக ஒட்டினால் வேண்டாம். லேசாக இழுத்தால் பரவாயில்லை, தகட்டை வளைத்து வேலை செய்யும்போது 304 கொஞ்சம் காந்தம் ஏறும். பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் லாக்கின் உள்விளிம்பில் மஞ்சள் தெரிகிறதா என்றும் பார்க்கவும். காந்தத்தை வாட்சின் பக்கமே கொண்டுபோக வேண்டாம், மெஷினுக்குள் நேரத்தை ஒழுங்குபடுத்தும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் காந்தமேறினால் நேரம் தாறுமாறாக ஓடும்.

மாட்டும்போது செயினோடு வரும் பின்னைத் தூர வைத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் பின் தனியாக வாங்கவும். சாதாரண வாட்சுக்கு 1.5 அல்லது 1.8 மி.மீ. தடிமன், சீக்கோ டைவர்களுக்கு 2.5. செயின் இல்லாமல் பின்னை மட்டும் லக்கில் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும், கழன்றால் நுனி துளைக்குச் சிறியது. லக் மேல் டேப் ஒட்டிவிட்டு வேலை பார்த்தால் கீறல் விழாது.

கண்ணி குறைக்க உள்பக்க அம்புக்குறியின் திசையில் ஊசியைத் தள்ள வேண்டும். திரும்பப் போடும்போது எதிர்த்திசை. பிளவுள்ள பின் என்றால் பிளவு முனை கடைசியில் உள்ளே போகும், மாற்றிப் போட்டால் நாலு நாளில் நழுவும். இரு பக்கமும் பார்த்துக் குறைத்து, லாக் மணிக்கட்டின் நடுவில் உட்காரச் செய்யவும். மிச்சத்தை லாக்கின் பக்கத் துளைகளில் சரிசெய்யலாம். சித்திரை வெயிலில் கை சற்று வீங்கும், சுண்டுவிரல் நுழையும் தளர்வு விட வேண்டும்.

கடலுக்குப் போய் வந்த நாளில் செயினைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட நல்ல தண்ணீரில் பழைய பல்பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் ஒற்றி, ஃபேன் காற்றில் காயவிடவும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசல் குடிதண்ணீரில். வாட்சின் தலையை நனைக்க வேண்டாம். தண்ணீரைத் தடுக்கும் பழைய ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும். பின்கள் இரண்டையும், லாக்குக்குள் இருக்கும் பின்னையும், வருடத்துக்கு ஒருமுறை வாடை தொடங்கும் முன் மாற்றிவிடலாம்.