பழைய பி7 துப்பாக்கி வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது கேஸ் சிலிண்டரை

ஜெர்மன் நிறுவனமான ஹெக்லர் அண்ட் கோக்கின் பி7 கைத்துப்பாக்கியை வாங்கப் போகும்போது குழலையும் ஸ்லைடையும் (சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேற்பகுதி) மட்டும் பார்த்துவிட்டு விலை பேசக் கூடாது. இதன் உயிர் குழலுக்கு அடியில், வெளியே தெரியாத ஒரு கேஸ் சிலிண்டரில், அதாவது வெடிவாயு இறங்கும் சிறு உருளையில் இருக்கிறது. அங்கே கரி அடைத்திருந்தால் மேற்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் பயனில்லை.

1972 மியூனிக் ஒலிம்பிக் தாக்குதலுக்குப் பிறகு மேற்கு ஜெர்மன் காவல்துறைக்குப் புதிய துப்பாக்கி தேவைப்பட்டது. உறையிலிருந்து எடுத்ததும் சுட வேண்டும், தனியாக சேஃப்டி லிவரைத் தட்டும் வேலை இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதற்குத் தேர்வான மூன்றில் ஒன்று இது. முதல் வடிவம் பிஎஸ்பி. அதை ஒட்டி பி7எம்8, 13 தோட்டா பிடிக்கும் எம்13 எல்லாம் வந்தன. 2008-இல் உற்பத்தி நின்றது. அமெரிக்கச் சந்தையில் இன்று கிடைப்பவற்றில் கணிசமானவை ஜெர்மன் காவலர்கள் பயன்படுத்திக் கழித்த பிஎஸ்பிகள். தயாரிப்பு ஆண்டை அதில் பொறித்த இரண்டு எழுத்தே சொல்லும்: ஏ என்றால் 0, பி 1, அப்படியே போய் ஐ 8, ஜே கிடையாது, கே 9. ஐசி என்றிருந்தால் 1982.

வாங்கும் நடைமுறையில் புதிதாக ஒன்றுமில்லை. வேறு மாநிலத்திலிருந்து வந்தால் உரிமம் பெற்ற டீலரிடம்தான் இறங்கும். வாங்குபவர் நிரப்பும் படிவம் 4473, பின்னணிச் சரிபார்ப்பு, அவ்வளவுதான். பத்துத் தோட்டா வரம்புள்ள மாநிலத்தில் இருப்பவர் எம்13 பக்கம் போகாமல் எட்டுத் தோட்டா வடிவத்தையே பார்ப்பது நல்லது.

மகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) எடுத்து, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் விரலாலும் காலி என்று உறுதி செய்த பிறகு, பிரேமின் (கைப்பிடியோடு சேர்ந்த உடற்பகுதி) இடப்பக்கப் பின்முனையில் உள்ள பட்டனை அழுத்தியபடி ஸ்லைடைப் பின்னால் இழுத்து, பின்பகுதியைத் தூக்கி முன்னால் கழற்றுங்கள். குழல் பிரேமோடு இறுகியே இருக்கும், ஸ்பிரிங் குழலைச் சுற்றி நிற்கும். ஸ்லைடின் முன்முனையில் ஒரு பிஸ்டன் தொங்கும். அது கொஞ்சம் ஆடினால் பயப்பட வேண்டாம், ஆடும்படித்தான் செய்திருக்கிறார்கள்.

தோட்டா வெடித்ததும் வாயுவில் ஒரு பங்கு சேம்பருக்குச் சற்று முன்னால் உள்ள சிறு துளை வழியாக அந்தச் சிலிண்டருக்குள் இறங்கி பிஸ்டனை முன்னோக்கித் தள்ளுகிறது. பின்னால் பாயப் பார்க்கும் ஸ்லைடை அந்த அழுத்தமே பிடித்து வைக்கிறது. குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்த பிறகுதான் ஸ்லைடு விடுபடும். வாயு போகிற வழியில் கரி படியாமல் இருக்குமா? சூட்டில் அது கல்லாக இறுகிவிடும். பிஸ்டன் இறுக ஆரம்பித்தால் ஸ்லைடு சோம்பேறித்தனமாக முன்னால் வரும், முழுதாக மூடாமல் நிற்கும். பலர் இதை ஸ்பிரிங் தளர்ச்சி என்று நினைத்து ஸ்பிரிங்குக்குப் பணம் செலவழிக்கிறார்கள்.

சுத்தம் செய்ய, துப்பாக்கியோடு வரும் சுரண்டி வேண்டும். பழைய பெட்டிகளில் பெரும்பாலும் அதைத்தான் காணோம், தனியாகத் தேடி வாங்க வேண்டியிருக்கும். முதலில் கரியை இளக்கும் சால்வென்ட் நாலைந்து சொட்டு விட்டு ஊறவிடுங்கள். சுரண்டியைச் சிலிண்டருக்குள் அடிவரை விட்டுத் திருப்பினால் கரி கறுப்புச் செதிலாக உதிரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தெறிக்கும். அடுத்து பிரஷ், அதன்பின் உலர்ந்த துணி. கடைசியில் எண்ணெய் போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். சிலிண்டரும் பிஸ்டனும் உலர்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் எரிந்தால் அதுவே அடுத்த கரி. எண்ணெய் ஸ்லைடு ஓடும் தடங்களுக்கு மட்டும். 300 முதல் 500 தோட்டாவுக்கு ஒருமுறை இதைச் செய்தால் சுரண்டல் ஐந்து நிமிட வேலை. ஆயிரத்தைத் தாண்டவிட்டால் அரைநாள் போகும்.

செப்பு உறையில்லாத வெறும் ஈயக் குண்டைப் போடவே கூடாது. ஈயம் அந்தச் சிறு துளையில் ஒட்டும், அதை எடுப்பது நரகம். வெளியே விழும் காலித் தோட்டா உறையில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் கவலை வேண்டாம். சேம்பரில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் தடம் அது.

கைப்பிடியின் முன்பக்க லிவரை அழுத்தினால்தான் துப்பாக்கி சுடத் தயாராகும்; அது பழகச் சில நாள் ஆகும். முதல் அழுத்தம் கனமாக இருக்கும். பிடித்துவிட்டால் வைத்திருக்கச் சிறு பலம் போதும். விட்டதும் தோட்டாவைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின் தளர்ந்துவிடும். விரல் டிரிகரில் இருக்கும்போது லிவரை இறுக்கக் கூடாது; கை முதலில், விரல் கடைசியில். மகசின் காலியாகி ஸ்லைடு பின்னால் நின்ற பிறகு, புது மகசின் போட்டு லிவரை விட்டு மறுபடி அழுத்தினால் ஸ்லைடு தானே மூடிக்கொள்ளும்.

சூடு மறைக்க முடியாத குறை. இடைவிடாமல் 50, 100 தோட்டா போனால் டிரிகருக்கு மேலே கை வைக்க முடியாது. எம்8-இல் அங்கே ஒரு பிளாஸ்டிக் தடுப்பு உண்டு, பிஎஸ்பியில் அதுவும் இல்லை. ஒரு மகசின் சுட்டு, கொஞ்சம் வைத்து, அடுத்ததை எடுப்பதுதான் வழி. நாள் முழுக்க ரேஞ்சில் சுட இது ஏற்ற துப்பாக்கி அல்ல.

மகசின் விஷயத்தில் பணத்தைத் தொலைப்பவர்கள் அதிகம். பிஎஸ்பியில் மகசினை விடுவிக்கும் பிடி கைப்பிடியின் அடியில், எம்8-இல் டிரிகர் வளையத்துக்குப் பின்னால் இருபக்கமும் இருக்கிறது. ஒன்றின் மகசின் மற்றதற்கு ஆகாது. "பி7 மகசின்" என்று மட்டும் எழுதி விற்பவரிடம் எந்த வடிவத்துக்கு என்று கேட்டு, இரண்டு பக்கப் படமும் வாங்கிப் பார்த்த பிறகு பணம் அனுப்புங்கள்.