சுங்கத் தரகர் தேர்வு: ஷிப்பிங் பில்லைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

ஏற்றுமதி, இறக்குமதி செய்பவர்கள் சார்பில் சுங்க ஆவணங்களைத் தாக்கல் செய்பவர் சுங்கத் தரகர். அந்த உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சட்டப் புத்தகத்தைத் திறக்கும்போது பக்கத்தில் ஒரு ஷிப்பிங் பில்லை, அதாவது ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஆவணத்தை, வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது பிந்தித்தான் புரிந்தது.

அப்போது மதுரையில் ஒரு தரகர் அலுவலகத்தில் ஜி கார்டுடன் (தரகரின் ஊழியருக்குச் சுங்கத்துறை தரும் அட்டை) வேலை பார்த்தேன். தூத்துக்குடி வழியாகப் போகும் சரக்குகளுக்கு ஆவணம் போடுவது என் பொறுப்பு. சத்திரப்பட்டிப் பக்கமிருந்து பேண்டேஜ் துணி அனுப்பும் ஒருவருக்கு, கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. வரி திரும்ப வரவில்லை. சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் பார்த்தால், இன்வாய்ஸ் எண் பொருந்தவில்லை என்று சொல்லும் எஸ்.பி.005 என்ற பிழைக்குறி. அவர் ஜி.எஸ்.டி.ஆர்.1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்தில் காட்டியிருந்தது வரி இன்வாய்ஸ் எண். நான் ஷிப்பிங் பில்லில் போட்டது, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தந்த வணிக இன்வாய்ஸ் எண். சரக்கு ஒன்று, தொகை ஒன்று, எண் மட்டும் இரண்டு. ஷிப்பிங் பில்லே ரீபண்ட் விண்ணப்பமாகக் கருதப்படுவதால், அதில் எண் பொருந்தாவிட்டால் பணம் நகராது. இரண்டு எண்களையும் இணைத்துக் காட்டும் அட்டவணையைக் கொடுத்து, அதிகாரி சரிபார்த்த பிறகே பணம் வந்தது. அதற்குள் அவர் தறிக் கூலியைக் கடன் வாங்கிக் கொடுத்திருந்தார். ‘பரவாயில்லை தம்பி’ என்றார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அதன்பிறகு படிப்பே மாறியது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 50ஆவது பிரிவை மனப்பாடம் செய்வதை விட்டேன். ஷிப்பிங் பில்லில் தரும் தகவல் சரியாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொன்னால், பில்லின் ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு, இது தவறினால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டேன். கப்பல் நிறுவனத்தின் கடமையும் அப்படித்தான் மனதில் நின்றது. 41ஆவது பிரிவின்படி கப்பல் புறப்படும் முன்பே, அதில் போகும் சரக்குகளின் பட்டியலான ஏற்றுமதி மேனிஃபெஸ்ட் தாக்கலாக வேண்டும். தாமதத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு ஏற்றுமதியாளருக்கு: மேனிஃபெஸ்ட் ஏறாவிட்டால் எஸ்.பி.002 என்ற குறி விழுந்து அவருடைய ரீபண்ட் நின்றுவிடும்.

கன்டெய்னர் எண்ணிலும் இதே கவனம் வேண்டும். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கு உரிய மதிப்பையும் இலக்கங்களையும் வரிசையாக 1, 2, 4, 8 என இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம். மீதி 10 என்றால் 0. பாடங்களில் வழக்கமாகக் காட்டும் சி.எஸ்.கியூ.யு. 305438 என்ற எண்ணுக்கு மீதி 3 வரும். 305348 என்று இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் மீதி 10, அதாவது கடைசி இலக்கம் 0 வரும். இதை ஒருமுறை பென்சிலால் போட்டுப் பாருங்கள். அப்புறம் கன்டெய்னர் எண்ணை அலட்சியமாக அடிக்கக் கை வராது.

சரக்கு வகைப்பாட்டுக்கு ஊரைச் சுற்றி இருக்கும் பொருள்களே போதும். மேலூர் கிரானைட், கரடான கட்டையாகவோ செவ்வகமாக வெறுமனே அறுத்தோ போனால் சுங்கவரிப் பட்டியலில் தலைப்பு எண் 2516. மெருகேற்றிய பலகை என்றால் 6802. மல்லிகைக்கு வந்தபோது, அம்மா முற்றத்தில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். சரமாகத் தொடுத்த பிறகும் அது வெட்டுப்பூக்களுக்கான 0603தானா என்று சந்தேகம். அந்தப் பட்டியலின் ஆறாம் அத்தியாயத்தின் குறிப்பைத் தேடிப் படித்தேன்: பூங்கொத்து, பூக்கூடை, மலர்வளையம் போன்றவையும் அதே தலைப்பில் அடங்கும், வேறு பொருளால் ஆன துணைப்பாகங்களைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. அம்மா விரலில் சுற்றியிருந்த வாழைநாருக்குச் சட்டத்தில் கிடைத்த இடம் இது. அத்தியாயக் குறிப்புகளைத் தாண்டிக்கொண்டு தலைப்புகளை மட்டும் படிப்பவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

எழுத்துத் தேர்வு 150 கேள்விகள், இரண்டரை மணி நேரம். சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 குறையும். மொத்தம் 450இல் 270 எடுக்க வேண்டும். 110 கேள்விகளுக்கு விடையளித்து அதில் 95 சரியாக இருந்தாலே 270 வந்துவிடும். எனவே தெரியாததை விட்டுவிடலாம். அந்தத் துணிவு வேண்டும். புதுநத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கடிகாரத்தை முன்னால் வைத்து மாதிரித் தேர்வு எழுதிப் பழகினேன்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்டது: சரக்கு கப்பலேறிய பிறகு பிழை தெரிந்தால், புது இன்வாய்ஸ் போட்டுத் திருத்தலாமா? 149ஆவது பிரிவின்படி, ஏற்றுமதியான நேரத்திலேயே இருந்த ஆவணத்தின் அடிப்படையில்தான் திருத்தம் கேட்க முடியும் என்றேன். ‘அதற்கு முன்னால் என்ன செய்திருக்கலாம்?’ என்று அடுத்த கேள்வி. தாக்கல் செய்யும் முன் வரி இன்வாய்ஸ், வணிக இன்வாய்ஸ் இரண்டையும் ஏற்றுமதியாளரைத் தொலைபேசியில் அழைத்து எண் எண்ணாக வாசிக்கிறேன் என்று சொன்னேன். சத்திரப்பட்டிக்காரர் இப்போது நான் அழைத்தால், இரண்டு தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறார்.